ஜீப்பில் இன்னும் ஒரு சீட்

ஆசிரியருக்கு வணக்கம். நாங்கள் வேலந்தாவளம் பக்கம், கேரள எல்லைக்குள் இருக்கிறோம். வீட்டில் பேசுவது தமிழ், ரேஷன் கார்டு மலையாளம். என் மகனுக்கு வயது ஆறு, எட்டாம் மாதத்திலேயே பிறந்தவன், மூளை முடக்குவாதம். தெரபி மையம் திறந்தார்கள் என்று உங்கள் பேப்பரில் படத்தோடு செய்தி வந்தால் சந்தோஷமாகத்தான் இருக்கிறது, ஆனால் பதினேழு கிலோ பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறி அங்கே யார் போவது என்று ஒருவரும் எழுதுவதில்லை, அதனால் நானே எழுதுகிறேன்.

மூளையில் பட்ட அடி அப்படியேதான் இருக்கும், அதிகமாகாது. அதிகமாவது தசை இறுக்கம். எலும்பு வளரும் வேகத்துக்கு இறுகிய தசை நீளாது, பிள்ளை உயரமாக உயரமாகக் கணுக்காலும் முட்டியும் இழுத்துக்கொள்ளும், சில பிள்ளைகளுக்கு இடுப்பு மூட்டே விலகிவிடும். போன மழைக்காலத்தில் எனக்குக் காய்ச்சல் வந்து ஒன்றரை மாதம் தெரபி நின்றுபோனது. திரும்பப் போனபோது இவன் குதிகால் தரையில் பதியவில்லை, காலுக்குப் போடும் ஸ்ப்ளின்ட் ஏறவே இல்லை. (எண்ணெய் போட்டு நீவினால் சரியாகும் என்றார்கள். அதையும் செய்தோம். பிள்ளை நன்றாகத் தூங்கினான், அவ்வளவுதான்.)

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். கவனித்துக்கொள்கிறவருக்குக் கேரள அரசின் ஆஸ்வாசகிரணம் திட்டத்தில் மாதம் 600 ரூபாய் இருக்கிறது. நேஷனல் டிரஸ்டின் நிராமயா காப்பீட்டில் வருடத்துக்கு ஒரு லட்சம் வரை கேட்கலாம், தெரபி செலவும் அதில் சேரும். மத்திய அரசுத் திட்டம் என்பதால் எல்லைக்கு எந்தப் பக்கம் இருந்தாலும் உண்டு. இது தெரியாத அம்மாக்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். ஆனால் முதலில் நம் கைக்காசைக் கொடுத்துவிட்டு அப்புறம்தான் ரசீது வைத்துக் கேட்க வேண்டும், அந்தக் கைக்காசுக்கு எங்கே போவது?

எங்கள் தெருவில் படுக்கையில் கிடக்கும் ஒரு பாட்டியைப் பார்க்கப் பஞ்சாயத்து பாலியேட்டிவ் நர்ஸ் (தீராத நோயாளிகளை வீட்டிலேயே கவனிக்கிறவர்) ஜீப்பில் வருகிறார். எல்லைக்கு அந்தப் பக்கம் என் தங்கை மாமியாருக்கு பக்கவாதம், 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று 2021-இல் தொடங்கினார்களே, அதில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வந்து கை காலுக்குப் பயிற்சி கொடுக்கிறார். சரி, இந்த ஜீப்பிலும் பிசியோதெரபிஸ்டுக்கு ஒரு சீட் கொடுத்தால் என்ன? தினமும் வரச் சொல்லவில்லை. வாரம் ஒரு நாள் வந்து எப்படிப் படுக்க வைப்பது, எப்படி உட்கார வைத்து ஊட்டுவது, எந்தத் தசையை எவ்வளவு நேரம் இழுத்துப் பிடிப்பது என்று காட்டிக் கொடுத்தால் மீதி ஆறு நாள் நாங்கள் பார்த்துக்கொள்வோம். முக்கியமாக இரண்டு மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்கு. பள்ளியில் சேர்த்த பிறகாவது பி.ஆர்.சி. என்கிற வட்டாரக் கல்வி வள மையத்திலிருந்து எட்டிப் பார்க்கிறார்கள், அதற்கு முன்னால் யாருமே இல்லை.

இன்னொன்று. பாலக்காட்டுக்காரர்களுக்குத் தமிழ் புரியும், ஆனால் மையத்துக்குப் புதிதாக வந்த பெண் வடக்கே எங்கிருந்தோ வந்தவர், பாவம் நல்ல பெண். "கை பொக்கு மோனே" என்கிறார். இவன் என்னைப் பார்க்கிறான். நான் "தூக்குடா தங்கம்" என்றதும் தூக்குகிறான். அந்தப் பெண் அதைப் பார்க்காமல், சொன்னது இவனுக்குப் புரியவில்லை என்று தெரபி குறிப்பில் எழுதிவிட்டார். ஜீப்பில் வருகிறவர் கொஞ்சம் தமிழ் தெரிந்தவராக இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு அம்மா,
வேலந்தாவளம்