பேச்சுக்கு முன் பத்து நிமிடம்

அன்புள்ள கயல்,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு "யோசித்துச் சொல்கிறேன்" என்று மழுப்பிவிட்டேன். அம்மா பக்கத்தில் நின்று "என்னவாம், என்னவாம்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள் என்பது ஒரு காரணம். இன்னொன்று, இதே கேள்வி பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் என்னிடம் வந்தது. அப்போது யோசிக்காமல் சரி என்று தலையாட்டியவன் நான். அந்தக் கதை உனக்குப் பாதிதான் தெரியும்.

நீ சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா பார். மாநில சபைக்கு நிற்கும் ஒருவர், பூங்காவில் கூட்டம் போடுகிறார். நீ கோச்சாக இருக்கும் சியர் டீமில், அதாவது விளையாட்டு நடக்கும்போது கோஷம் போட்டு ஆடி உற்சாகப்படுத்தும் குழுவில், எட்டிலிருந்து பத்து வயதுக்குள் பதினாலு பிள்ளைகள். அவர் பேசுவதற்கு முன் பத்து நிமிடம் ஆட வேண்டும். டீம் நிதிக்கு 500 டாலர் தருவார்கள். ஒத்துக்கொள்ளலாமா என்று கேட்டாய். எந்தக் கட்சி என்று நீ சொல்ல வந்தபோது நான் பேச்சை மாற்றினேன், கவனித்தாயா? தெரிந்துகொண்டால் என் மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிடும். இதைப் படித்து முடித்த பிறகு சொல்.

2008 அக்டோபர். உனக்கு ஒன்பது வயது. டெக்சஸில், பிளேனோவில் நம் அப்பார்ட்மெண்டுக்குப் பின்னால் இருந்த மைதானத்தில்தான் உங்கள் டீம் பழகும். நீ பேஸ். "மேல போறவ சும்மா சிரிச்சா போதும்பா, நாங்கதான் தூக்கறோம்" என்று வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவாய். கவுண்டிப் பதவிக்கு நின்ற ஒருவர் பார்பிக்யூ வைத்துக் கூட்டம் போட்டார். யூனிஃபார்மோடு காலை பத்து மணிக்கு வந்துவிட வேண்டும் என்று கோச் ஈமெயில் அனுப்பினார். அம்மா உன் முடியைச் சுருட்டி, ஸ்ப்ரே அடித்து, உன் தலையை விடப் பெரிய ரிப்பனைக் கட்டிவிட்டாள். "நெத்தி இழுக்குதும்மா" என்று வழியெல்லாம் முனகினாய். வேட்பாளர் வந்தபோது மணி பன்னிரண்டே கால். அதுவரை நீங்கள் எல்லோரும் வெயிலில் நின்றீர்கள், நிழலில் உட்கார்ந்தால் பாவாடை அழுக்காகும் என்று.

மேடை என்பது ஒரு லாரி டிரெய்லர். சுற்றிலும் சிவப்பு, வெள்ளை, நீலத் துணி. கீழே பலகை, பலகைக்கு நடுவே விரல் போகிற இடைவெளி. விழுந்தால் தாங்கும் மேட் (மெத்தை) கிடையாது. அதன் மேல் நின்று நீங்கள் ஒரு பிள்ளையைத் தூக்கினீர்கள். நான் கேம்கார்டரைக் கண்ணில் வைத்திருந்ததால் இதெல்லாம் எனக்குத் தெரியவில்லை. பிற்பாடு வீடியோவில்தான் பார்த்தேன்.

அன்றைக்கு நடந்த வேடிக்கை ஞாபகம் இருக்கிறதா? வழக்கமான கோஷத்தில் டீம் பெயரை எடுத்துவிட்டு அவர் பெயரைப் போட்டிருந்தார்கள். டீம் பெயர் மூன்று அசை, அவர் பெயர் இரண்டு. கைதட்டுக்கு உட்காரவே இல்லை. பாதிப் பேர் பழக்கதோஷத்தில் டீம் பெயரையே கத்தினீர்கள். கூட்டம் சிரித்தது, அவரும் சிரித்தார். திரும்பி வரும்போது காரில் நீ கேட்டாய்: "அப்பா, அவர் யாருக்கு எதிரா விளையாடறார்?"

மூன்று நாள் அதைச் சொல்லிச் சிரித்தோம். அப்புறம் தபாலில் அட்டை வந்தது. பளபளவென்று, வேட்பாளர் நடுவில், சுற்றிலும் நீங்கள். நீ முன்வரிசை. நான் அதைப் ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்தேன். அந்த அட்டை நம் வீட்டுக்கு மட்டுமா வந்திருக்கும்? உனக்கு எதிரில் நின்று மற்றொரு காலைத் தாங்குவாளே, அந்தச் செம்பட்டை முடிப் பெண், அவள் வீட்டுக்கும் போயிருக்கிறது. அவள் அப்பா எதிர் வேட்பாளருக்காக வீடுவீடாகக் கதவு தட்டிக்கொண்டிருந்தவர். பாட்டிதான் அன்று பிள்ளையைக் கூட்டத்துக்குக் கொண்டுவந்து விட்டிருந்தாராம். அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் பயிற்சிக்கு வரவில்லை. அதற்கு அடுத்த செவ்வாயும் வரவில்லை. அவள் இல்லாமல் உங்களால் யாரையும் தூக்க முடியாது. சீசன் முடிய மூன்று வாரம் இருந்தது. நீ என்னிடம் காரணம் கேட்டபோது, "அவளுக்குக் காய்ச்சல் போல" என்றேன். பொய்தான்.

அந்தப் பெண்ணின் அப்பா கோச்சிடம் போய்ச் சண்டை போட்டார். ஆனால் சீசன் ஆரம்பத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்ட தாளில், படம் எடுக்கலாம், எங்கும் பயன்படுத்தலாம் என்று ஒரு வரி இருந்தது. நானும் அதில்தான் கையெழுத்துப் போட்டிருந்தேன். படித்துப் பார்க்கவில்லை.

சரி, கோச் மேலும் தாள் மேலும் பழியைப் போட்டுவிட்டு நான் தப்பிக்க முடியாது. அப்போது நமக்கு கிரீன் கார்டு வரவில்லை. எனக்கு ஓட்டும் கிடையாது. பத்து வருஷமாக வரி கட்டுகிறேன், இந்த ஊரில் யாருக்கும் என் பெயர் ஒழுங்காகச் சொல்ல வராது. அப்படிப்பட்டவனுடைய மகள் மேடையில் அந்த ஊர்ப் பிள்ளைகளோடு நிற்கிறாள், கூட்டம் கை தட்டுகிறது. எனக்கு அது போதுமாக இருந்தது. அந்த ஆள் என்ன பேசினார் என்று கேட்டிருந்தால் ஒரு வாக்கியம்கூடச் சொல்லத் தெரியாது. உன் கையில் இருந்த பாம்-பாம் குஞ்சத்தை ஆட்டியது நான்தான், கயல்.

இதில் கேவலம் என்னவென்றால், இந்தப் பாடத்தை நான் மன்னார்குடிப் பக்கத்திலேயே படித்திருக்க வேண்டும். மூன்றாம் வகுப்பில் இருந்தபோது ஒரு மந்திரி வந்தார். பள்ளிக்கூடத்தையே ரோட்டில் வரிசையாக நிறுத்தினார்கள். ஆளுக்கு ஒரு காகிதக் கொடி. சார் "வாழ்க" என்று முடியும் கோஷத்தைச் சொல்லிக்கொடுத்தார். மதியச் சோற்றுக்குப் பிறகு நின்றது, நாலரை மணிக்குக் கார் கண்ணாடி ஏற்றிக்கொண்டு விர்ரென்று போயிற்று. எங்களுக்கு ஆரஞ்சு மிட்டாய். சாயங்காலம் கொடியை ஆட்டிக்கொண்டு, அதே கோஷத்தைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தேன். உன் தாத்தா சிவப்புத் துண்டுக்காரர், தெரியும் அல்லவா? திட்டுவார் என்று நினைத்தேன். கொடியை வாங்கிக் கூரையில் செருகினார். "காலு வலிக்குதா" என்று மட்டும் கேட்டார். அந்தக் கொடி மழைக்காலம் வரைக்கும் அங்கேயே இருந்தது.

இந்தியாவில் தேர்தல் ஆணையம் 2024 பிப்ரவரியில் கட்சிகளுக்குக் கறாராகச் சொல்லிவிட்டது: கோஷம் போட, பேரணியில் நடக்க, நோட்டீஸ் கொடுக்க, எதற்கும் பிள்ளைகளைச் சேர்க்கக் கூடாது. அப்பா அம்மாவோடு வந்து பக்கத்தில் நிற்கிற குழந்தை மட்டும் கணக்கில் வராது. சொன்னது நடக்கிறதா என்பது வேறு கதை. உன் ஊரில் பெற்றோரும் கோச்சும் விட்டதுதான் வழி.

சியர் என்கிற கலைக்கும் அரசியலுக்கும் சம்பந்தமே கிடையாது என்று நான் சொல்ல வரவில்லை. நீ இருக்கும் அயோவாவுக்குப் பக்கத்து மாநிலம் மினசோட்டாவில் 1898-ல் ஜானி கேம்ப்பெல் என்ற மாணவர் கூட்டத்துக்கு முன்னால் போய் நின்று கோஷம் எடுத்துக்கொடுத்ததைத்தான் இதற்கு ஆரம்பம் என்கிறார்கள். அப்போது அது ஆண்பிள்ளைகள் வேலை. பின்னால் ஜனாதிபதி ஆனவர்களையே பார்: ஐசனோவர் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் முட்டி பெயர்ந்து கால்பந்தை விட்ட பிறகு சியர்லீடர். ரீகன் யுரீகா கல்லூரியில். ஜார்ஜ் டபிள்யூ. புஷ் ஆண்டோவர் பள்ளியில் தலைமைச் சியர்லீடர். கூட்டத்தை எழுப்பத் தெரிந்தவன் மேடைக்கு வருவது இயல்புதான். அவர்கள் வளர்ந்து தாங்களாக ஏறினார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

2016 ஜனவரியில் ஃபுளோரிடாவின் பென்சகோலாவில் டிரம்ப் கூட்டத்தில் யு.எஸ்.ஏ. ஃப்ரீடம் கிட்ஸ் என்று மூன்று சிறுமிகள் கொடி நிறச் சட்டையில் பாடி ஆடியதை நீயும் பார்த்திருப்பாய். உலகம் முழுக்க ஓடியது அந்த வீடியோ. பாதிப் பேர் கொண்டாடினார்கள், பாதிப் பேர் கேலி செய்தார்கள். கேலி முழுக்க அந்தப் பிள்ளைகள் முகத்தின் மேல். அதே வருஷம் அந்தக் குழுவை நடத்தியவர், சொன்ன சொல்லைக் காப்பாற்றவில்லை என்று பிரச்சாரக் குழு மேல் வழக்குப் போட்டார். அவர் புகாரில் ஒன்று, உன் ஊர் டெமாயினுக்கு வரச்சொல்லி, வந்து சேர்ந்ததும் ஆட்டம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள் என்பது. யார் சொன்னது சரியோ, எனக்கு அந்தப் பிள்ளைகள் பெட்டியைத் திருப்பிக் கட்டியதுதான் கண்ணில் நிற்கிறது.

பெரிய பிள்ளைகள் விஷயம் வேறு. 2019-ல் வட கரோலினாவில் ஒரு உயர்நிலைப் பள்ளி சியர் டீம், ஆட்டத்துக்கு முன் யூனிஃபார்மில் டிரம்ப் பேனரைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டது. மாநில விளையாட்டுச் சங்கம் டீமைக் கண்காணிப்பில் வைத்தது. உடனே வெளியே ஆதரவுக் கூட்டம், எதிர்ப்புக் கூட்டம், டிவி. எனக்கு அந்தப் பெண்கள் மேல் கோபம் இல்லை. பதினாறு வயதில் ஒரு கட்சி பிடித்திருக்கிறது என்றால் சொல்லட்டும். 2021-ல் உச்ச நீதிமன்றமே, பள்ளிக்கு வெளியே சனிக்கிழமை ஸ்னாப்சாட்டில் கெட்ட வார்த்தை போட்ட பென்சில்வேனியா சியர்லீடரை டீமிலிருந்து நிறுத்தியது தப்பு என்று எட்டுக்கு ஒன்று எனத் தீர்ப்புச் சொல்லவில்லையா? அவள் வாய், அவள் பேச்சு. சட்டை மட்டும் எல்லோருடையது.

நீ இசிசெரெட்ஸ் பற்றிச் சொல்வாய் என்று தெரியும். உன் ஊர்ப் பிள்ளைகள், டிரம்மும் ஆட்டமும். 2007-ல், கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் காக்கஸுக்கு முன் ஒபாமாவோடு நடந்தார்கள், 2019-ல் ஸ்டீக் ஃப்ரை விருந்தில் கமலா ஹாரிஸ் அவர்கள் தாளத்துக்கு ஆடிக்கொண்டே வந்தார். அந்த வீடியோவைப் பார்த்து எனக்கும் கால் ஆடியது. அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பிள்ளைகள் தங்கள் தாளத்தை அடித்துக்கொண்டு முன்னால் போனார்கள், வேட்பாளர்தான் அதற்குப் பின்னால் வந்தார். ஆனாலும் அந்தக் குழுவிலும் வேண்டாம் என்று மனசுக்குள் நினைத்த ஒரு பெற்றோர் இருந்திருக்கலாமே என்று இப்போது தோன்றுகிறது. வயசாகிவிட்டது போல.

"பதினாலு வீட்டிலும் சரின்னா?" என்று கேட்டாய். அதுதான் எனக்கு நெருடுகிறது. கோச்சம்மாவிடம் முகத்துக்கு நேராக யார் வேண்டாம் என்பார்கள்? பிள்ளையைப் பின்வரிசைக்குத் தள்ளிவிடுவாளோ என்று பயப்பட மாட்டார்களா? 2008-ல் எனக்கு மாற்றுக் கருத்து இருந்திருந்தால், விசாக் கையோடு, இந்த இங்கிலீஷோடு, நான் எழுந்து சொல்லியிருப்பேன் என்றா நினைக்கிறாய்? உன் டீமிலும் என்னைப் போல ஒருத்தர் இருப்பார்.

பண விஷயமும் பார்த்துக்கொள். உங்கள் டீம் வரிவிலக்கு பெற்ற அமைப்பு என்றாயே. அப்படிப்பட்ட அமைப்பு எந்த வேட்பாளருக்கும் ஆதரவாகப் பிரச்சாரத்தில் இறங்கக் கூடாது. நம்ம டெக்சஸ்காரர் லிண்டன் ஜான்சன் செனட்டராக இருந்தபோது, 1954-ல் கொண்டுவந்த திருத்தம் அது. 500 டாலருக்கு ஆசைப்பட்டு அந்த விலக்கைத் தொலைக்காதே. ஜூலை 4 சுதந்திர தின ஊர்வலம் என்றால் தாராளமாகப் போ. எல்லா வேட்பாளரும் நடப்பார்கள், உன் பிள்ளைகள் தங்கள் பேனருக்குப் பின்னால் தங்கள் டீம் பெயரைக் கத்திக்கொண்டு நடக்கட்டும். அசையும் சரியாக உட்காரும்.

அந்தக் கூட்டத்துக்கு நீ தனியாகப் போவதானால் போ, டீம் சட்டையைப் போடாமல். எந்தப் பக்கத்துக்கு வேண்டுமானாலும் பதாகை பிடி. நான் எதிர்ப் பக்கத்தில் நின்றாலும் நிற்பேன், அதைப் பற்றி தீபாவளிக்குச் சண்டை போட்டுக்கொள்வோம். 2016-ல் முதல் ஓட்டுப் போட்டதிலிருந்து எனக்கும் வாய் கொஞ்சம் நீண்டுவிட்டது.

இதையெல்லாம் மீறி நீ சரி என்று முடிவெடுத்தால், அது உன் இஷ்டம், நீதான் கோச். ஆனால் மேட் இல்லாத இடத்தில் யாரையும் தூக்க விடாதே. பத்து மணிக்கு வரச்சொன்னால் நீ பதினொன்றரைக்குக் கூட்டிப் போ. தண்ணீரை அவர்களை நம்பாமல் நீயே எடுத்துப் போ.

அம்மா பருப்புப் பொடியும் வடகமும் பார்சல் கட்டியிருக்கிறாள். அதற்கு நடுவில் ஒரு கவர் இருக்கும், எண்ணெய் படாமல் எடு. அந்த 2008 அட்டை. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பிறகு இத்தனை வருஷம் என் மேஜை இழுப்பறையில் கிடந்தது. போன வாரம்தான் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். முன்வரிசையில் உன் இடது ஷூ லேஸ் அவிழ்ந்து கிடக்கிறது.

அப்பா