அம்மாவின் சாப்பாட்டில் குறை இருக்கவில்லை

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு உங்கள் ஆரோக்கியப் பக்கத்தில், உடற்கலங்களைச் சேதத்திலிருந்து காக்கும் ஒட்சியேற்ற எதிரிகள் நிறைந்த கீரையும் பழமும் சிறுவயது முதல் சாப்பிட்டு வந்தவர்களை அல்சைமர் என்ற மறதி நோய் அண்டாது என்று ஒரு வரி வந்திருந்தது. அல்சைமர் வந்திருந்த என் அம்மாவின் ஆட்டைத் திவசம் இன்னும் முடியவில்லை. அந்தப் பக்கத்தை வெட்டிக் கொண்டுவந்து, "கொம்மாவுக்கு நீ ஒழுங்காச் சமைச்சுக் குடுத்திருக்கலாம் பிள்ளை" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனார் ஓர் உறவுக்காரர். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சியது போல இருந்தது.

அம்மா சாப்பிடாத கீரையா? வல்லாரைச் சம்பல், முருங்கையிலை வறை, குரக்கன் பிட்டு, ஒடியல் கூழ் என்று வளவில் முளைத்ததெல்லாம் எங்கள் அடுப்புக்கு வந்தது. என் பெயர் மறந்துபோன பிறகும் மடியில் சுளகை வைத்து முருங்கையிலை உருவுவா. இலை சுளகில், ஈர்க்கு நிலத்தில். ஒரு நாளும் மாறிப் போட்டதில்லை. அவவுக்கு வந்த வருத்தத்துக்கு என் அடுப்பிலா பழி?

மூளை உடல் எடையில் 2 வீதமளவுதான். ஆனால் உடல் பாவிக்கும் ஒட்சிசனில் 20 வீதமளவு அதற்கே போகிறது. அல்சைமர், பாக்கின்சன் (நடுக்குவாதம்) நோயாளிகளின் மூளையில், ஒட்சிசனைப் பாவிக்கும்போது கலங்களுக்கு உண்டாகும் ஒட்சியேற்றச் சேதம் காணப்படுவதும் உண்மை. அது நோயைக் கொண்டுவந்ததா, நோயோடு வந்ததா என்பதுதான் இன்னும் தீராத கேள்வி. ஒட்சியேற்ற எதிரிகளைக் குளிசையாகவும் கொடுத்துப் பார்த்தாயிற்று. 1993 இல் பாக்கின்சனுக்கு விற்றமின் ஈ பலன் தரவில்லை. 2014 இல் கோஎன்சைம் கியூ10 உம் தரவில்லை. 7,500 க்கு மேற்பட்ட ஆண்களுக்கு விற்றமின் ஈயும் செலீனியமும் கொடுத்த ஆய்வின் முடிவு 2017 இல் வந்தது. மறதி நோய் தடுக்கப்படவில்லை. அல்சைமர் வந்துவிட்டவர்களுக்கு விற்றமின் ஈ அதிக அளவில் கொடுத்தபோது அன்றாட அலுவல்களில் வரும் தளர்ச்சி சற்று மெதுவானது என்று 2014 இல் ஓர் ஆய்வு சொன்னது. அது வந்தபின் கதை, வராமல் தடுக்கும் கதையல்ல. ஆசிரியபீடத்தில் இருக்கும் உங்களுக்கு இதெல்லாம் தெரியாததல்ல.

கட்டுரைக்குக் கீழேயே விற்றமின் குளிசை விளம்பரம். இதைப் பற்றிப் போன வருடமும் எழுதினேன், நீங்கள் போடவில்லை. என் கணவர் இருதய வருத்தத்துக்கு, இரத்தம் உறையாமல் தடுக்கும் வாபரின் எடுப்பவர். உங்கள் பக்கத்தை நம்பி ஒரு பாமசியில் விற்றமின் ஈ கேட்டார். வேறென்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேளாமல் போத்தலோடு கொடுத்துவிட்டார்கள். கொஞ்ச நாளில் பல் தீட்டினால் முரசில் இரத்தம் நிற்கவில்லை. கிளினிக்கில் டொக்டர் போத்தலைத் திருப்பிப் பார்த்துவிட்டு உடனே நிறுத்தச் சொன்னார். அதிக அளவு விற்றமின் ஈ வாபரினோடு சேர்ந்தால் இரத்தப்போக்குக் கூடும் என்று உங்கள் பக்கத்தில் எங்கேயாவது இருந்ததா?

உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, புகைத்தல், காது கேளாமை ஆகியவை மறதி நோயோடு தொடர்புபட்டவை என்று உலக நிபுணர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். எங்கள் ஊரில் காது மந்தமான கிழவர் கிழவிகள் எத்தனை பேர்! அதைப் பற்றி உங்கள் பக்கத்தில் நான் ஒரு கட்டுரையும் வாசிக்கவில்லை.

கீரையை விடச் சொல்லி நான் எழுதவில்லை. வருகிற ஞாயிறு அதே பக்கத்தில், அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். இனி மருத்துவக் கட்டுரை எழுதுபவரின் பெயரையும் தகைமையையும் சேர்த்து அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோண்டாவில், யாழ்ப்பாணம்.