அரை அடி தள்ளி நின்ற தங்கைக்கு

கணினி நிரல் எழுதுகிறவர்களுக்காகப் பாளையங்கோட்டைக் கூடுகையை நடத்திக் கொடுத்த எல்லாருக்கும் வணக்கம்.

நேற்று ராத்திரிதான் கல்லிடைக்குறிச்சி வந்து சேர்ந்தேன். பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை, அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன். கூடுகைக்கு முந்தின நாள், சனிக்கிழமை சாயங்காலம், பேசி வைத்த இடம் இல்லாமல் போனபோது பட்ட பாடு உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். "கூடுகை உண்டு, இடம் மட்டும் மாறுது" என்று இரவு 11 மணிக்கு வந்த செய்தியைப் படித்தபோது கண் கலங்கிவிட்டது. உங்களில் ஒருவரும் இதற்குச் சம்பளம் வாங்குகிறவர் இல்லை. திங்கட்கிழமை காலையில் எல்லாருக்கும் வேலையோ பரீட்சையோ இருந்தது.

கேட்டதும் கல்யாண மண்டபத்தைத் திறந்துவிட்ட அண்ணாச்சி, விடிய விடிய ஒயர் இழுத்த கல்லூரித் தம்பிகள், புரொஜக்டரை மடியில் வைத்து ஆட்டோவில் கொண்டுவந்தவர், சொதியும் இஞ்சித் துவையலும் வைத்து வயிறு நிறையப் போட்ட சமையல்காரர்கள், எல்லாருக்கும் நன்றி. ஆனால் ஒருத்தியைப் பற்றி மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லவேண்டும். தன்னார்வலர் அட்டை மாட்டியிருந்த, மஞ்சள் சுடிதார் போட்ட தங்கை. பெயர் கேட்காமலே வந்துவிட்டேன்.

காலை டீ இடைவேளை. எனக்கு அங்கே யாரையும் தெரியாது. பி.காம் முடித்து, ஆறு வருஷம் வீட்டோடு இருந்து, யூடியூப் பார்த்துப் பைத்தான் என்ற நிரல்மொழியைப் படித்தவள் நான். டம்ளரோடு தூண் ஓரமாக நின்றேன். குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஊருக்குப் போய்விடலாம் என்றுகூட நினைத்தேன். பக்கத்தில் ஐந்து பேர் வட்டமாக நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தங்கை பேச்சை நிறுத்தாமலே அரை அடி தள்ளி நின்றாள். வட்டத்தில் ஓர் ஆளுக்கு இடம் விழுந்தது. "வாங்கக்கா" என்றாள். அவ்வளவுதான்.

போய் நின்றேன். "நெல்லை" என்ற சொல்லின் நீளத்தைப் பைத்தானில் கேட்டால் 6 என்று வரும் என ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். நம் கண்ணுக்கு மூன்றே எழுத்து. ஆனால் கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் கொம்பும் புள்ளியும் தனித்தனிக் குறிகள், பைத்தான் அவற்றையும் சேர்த்து எண்ணிவிடுகிறது. கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மூன்று மாதமாக நான் முட்டிக்கொண்டிருந்தது இந்தச் சுவரில்தான். அத்தையின் அப்பளத் தொழிலுக்கு லேபிள் அடிக்க ஒரு நிரல் எழுதியிருந்தேன். கடைப்பெயரை 12 எழுத்தோடு நிறுத்தச் சொன்னால், "மாரியம்மன் ஸ்டோர்" என்பது "மாரியம்மன் ஸ" என்று அறுந்து நிற்கும். காரணம் புரியாமல் அழுத நாள் உண்டு. ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நூலகம் (நம் நிரலில் சேர்த்துக்கொள்ள யாரோ எழுதி வைத்த நிரல் தொகுப்பு) தமிழை எழுத்து எழுத்தாகப் பிரித்துத் தரும் என்று அந்த வட்டத்தில்தான் தெரிந்தது. சாப்பாட்டுக்கு முன்னால் மாடிப்படியில் உட்கார்ந்தே சரிசெய்துவிட்டேன்.

பேச்சுகளின் வீடியோ பிறகு வந்துவிடும், எதற்கு அவ்வளவு தூரம் போகவேண்டும் என்று வீட்டில் கேட்டார்கள். எனக்கே அந்தக் கேள்வி இருந்தது. என் பிழைக்கு என்ன பெயர் என்றே தெரியாதபோது நான் எதைத் தேடியிருப்பேன்? மேடையில் கேட்டதும் நல்ல பேச்சுகள்தான். ஆனால் எனக்கு வேண்டியது டீ மேசைப் பக்கத்தில் கிடைத்தது, அது எந்த வீடியோவிலும் வராது.

சாயங்காலம் அந்தத் தங்கையிடம் இடம் விட்டதற்கு நன்றி சொன்னபோது, "இது நான் கண்டுபிடிச்சதில்லக்கா, பாக்மேன் விதி" என்றாள். எரிக் ஹோல்ஷர் என்பவர் இப்படிப்பட்ட கூடுகைகளுக்காகச் சொன்னதாம். வட்டமாக நிற்கும்போது, பாக்மேன் என்ற பழைய வீடியோ கேமில் வரும் வட்ட உருவத்தின் திறந்த வாய் மாதிரி ஓர் இடம் விட்டு நிற்கவேண்டும். புதிதாக ஒருவர் வந்து சேர்ந்தால், இன்னொருவருக்காக மறுபடி இடம் விடவேண்டும். படித்த பலருக்கு இது தெரிந்திருக்கலாம். தூண் ஓரமாக நிற்கிற ஒருத்தி கண்ணில் பட்டு, அந்த நேரத்தில் அது ஞாபகம் வந்ததே, அதற்குத்தான் இந்த மடல்.

தங்கச்சி, இதைப் படித்தால் உன் பெயரைச் சொல். அடுத்த கூடுகையில் பதிவு மேசையில் எனக்கு ஒரு நாற்காலி போட்டு வையுங்கள். டீ இடைவேளையில் தூண் பக்கம் பார்க்கிற வேலையும் என்னுடையது. காலையில் செங்கோட்டைப் பாசஞ்சரில் வந்துவிடுவேன், சாப்பாட்டுக்கு அப்பளம் நான் கொண்டுவருகிறேன்.