கழுத்துரு தெரியாத செயலி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மங்கிப்போன பழைய புகைப்படங்களை ஏஐ செயலிகள் சில நொடிகளில் பளிச்சென்று ஆக்கித் தருவதைப் பாராட்டிச் சென்ற இதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. செட்டிநாட்டில் இப்போது வீட்டுக்கு வீடு இந்த வேலை நடக்கிறது. அது நடக்கிற விதம் கவலை தருவதால்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் வீடுகளில் முகப்பிலும் உள்முற்றத்தைச் சுற்றிய வளவிலும் தேக்குச் சட்டம் போட்ட படங்கள் வரிசையாகத் தொங்கும். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்யப் போனவர்கள் அங்குள்ள ஸ்டுடியோக்களில் எடுத்துக்கொண்ட படங்களும் அவற்றில் உண்டு. அட்டையின் அடியில் ஸ்டுடியோ பெயரும் ஊரும் அச்சாகியிருக்கும். பல குடும்பங்களுக்கு முன்னோர் முகம் என்று மிஞ்சியிருப்பது இவைதான். இப்போது சாந்திக் கல்யாண (அறுபதாம் கல்யாண) மலருக்கோ பேரன் பேத்திகளின் வாட்ஸ்அப் குழுவுக்கோ படம் வேண்டுமென்றால், போனில் ஒரு கிளிக், செயலியில் ஒரு தட்டு, முடிந்தது.

அப்படி அச்சான ஒரு மலரைப் பார்த்தேன். மூலப் படத்தில் அந்த வீட்டு ஆச்சி ரவிக்கை இல்லாமல், கண்டாங்கிச் சேலையைப் பின்கொசுவம் வைத்துக் கட்டி, எங்கள் பெரிய கல்யாணத் தாலியான கழுத்துரு பூண்டு உட்கார்ந்திருக்கிறார். மலரில் அவருக்குச் சரிகை வைத்த ரவிக்கை வந்துவிட்டது. கழுத்துரு இருந்த இடத்தில் ஏதோ நகைக்கடை விளம்பர ஆரம். பக்கத்தில் ஐயாவின் கௌரிசங்கம் என்ற உருத்திராட்ச மாலை முத்துமாலையாகிவிட்டது. முகமும் அவர்கள் முகமல்ல. சுருக்கம் போய், மூக்கு கூர்மையாகி, சினிமா முகமாக இருந்தது.

இதில் வியப்பில்லை. மங்கிய பழைய படத்தில் சிறிதாக விழுந்த முகத்தின் கண் சில புள்ளிகளாகத்தான் தெரியும். அங்கே இல்லாததைச் செயலி எங்கிருந்து எடுக்கும்? தான் பழகிய லட்சக்கணக்கான வேறு முகங்களை வைத்து, இப்படி இருக்கலாம் என்று ஊகித்து வரைகிறது. அது பழகிய படங்களில் கழுத்துரு எத்தனை இருந்திருக்கும்? போதாக்குறைக்கு, வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும்போதே படம் சுருங்கி நுணுக்கம் போய்விடுகிறது. அதைத்தான் செயலிக்குக் கொடுக்கிறோம்.

‘அந்தக் காலத்திலும் டச்சப் செய்தார்களே’ என்று கேட்கலாம். செய்தார்கள், உண்மை. நெகட்டிவில் பென்சிலால் தீட்டினார்கள், கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கையால் வண்ணம் கொடுத்தார்கள், நிறத்தைக் கொஞ்சம் சிவப்பாக்கவும் தயங்கவில்லை. ஆனால் கேமராவில் பதிந்த முகத்தின் மேல்தான் அந்தக் கை வேலை செய்தது. தூரிகை எங்கே பட்டது என்று உற்றுப் பார்த்தால் இன்றும் தெரியும். செயலி வரைந்ததில் எது பதிந்தது, எது ஊகம் என்று பிரிக்கவே முடியாது. நாற்பது வருஷம் கழித்துப் பார்க்கிற பிள்ளை அதைத்தானே பூட்டி என்று நம்பும்?

டிஜிட்டலே வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா அவர்கள் புத்தகங்களோடு நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் தூக்கிப் போட்டதையெல்லாம் சேர்த்துவைத்தார். 1992-இல் அவர் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. வெளிநாட்டுக்குக் கொண்டுபோகாமல் சென்னையிலேயே நூலகமாக்கி, முதலில் மைக்ரோபிலிமிலும் பிறகு டிஜிட்டலாகவும் படியெடுத்தார்கள். கறையும் கிழிசலும் உள்ளது உள்ளபடி பதிவாயின. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோ படங்களைத் தேடி, பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு டிஜிட்டலாக்கியிருக்கிறது. இந்தத் தொழில்நுட்பம் நமக்குச் செய்யக்கூடிய பெரிய உபகாரம் இதுதான்.

வீட்டிலும் இதைச் செய்யலாம். படத்தை முன்னும் பின்னும் குறைந்தது 600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்து, கை வைக்காத அந்தக் கோப்பைத் தனியே பத்திரப்படுத்துங்கள். கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிய்க்க வேண்டாம், மேல்பூச்சு உரிந்துவிடும். கண்ணாடியோடே படம் எடுத்துக்கொள்ளலாம். வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்புங்கள். அப்புறம், படத்தில் இருப்பவர் யார் என்று சொல்ல வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவையுங்கள். ‘அதுதான் போனில் நன்றாக வந்துவிட்டதே’ என்று மூலப் படத்தைக் கழித்துவிடாதீர்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் சட்டத்துக்காக வாங்கப்படும் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் மனசு பதைக்கிறது.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். வாசகர்கள் அனுப்பும் பழைய படங்களைத் தாங்கள் அடிக்கடி வெளியிடுகிறீர்கள். செயலியில் மாற்றிய படமென்றால் அதன் கீழே அப்படியே குறிப்பிடுங்கள். முடிந்தால் மூலப் படத்தையும் கேட்டு வாங்கிப் பக்கத்தில் போடுங்கள். மூலம் இல்லாத படத்தைத் தயவுசெய்து ‘அரிய புகைப்படம்’ என்று அச்சிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பள்ளத்தூர்.