பள்ளிப் பணியாளர்கள் மாணவர்களுடன் பழகும் முறைக்கு எழுத்தில் விதி கேட்டு மனு

அனுப்புநர்:
பத்தாம் வகுப்பு மாணவியின் தாய்,
பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்.

பெறுநர்:
முதன்மைக் கல்வி அலுவலர் அவர்கள்,
முதன்மைக் கல்வி அலுவலகம்.

பொருள்: பள்ளிப் பணியாளர்கள் மாணவர்களுடன் போனில் பேசுவது, தனியாக வகுப்பு எடுப்பது, வண்டியில் அழைத்துச் செல்வது ஆகியவற்றுக்கு மாவட்டம் முழுவதும் ஒரே நடத்தை விதி வகுக்க வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு நேரம். இரவு 10:50 இருக்கும். சார்ஜில் கிடந்த வீட்டுப் போனில் ஒரு வரி வந்து விழுந்தது: "இன்னும் தூங்கலயா?" அனுப்பியவர் என் மகளின் அறிவியல் ஆசிரியர். மேலே தள்ளிப் பார்த்தேன். முதல் மாதம் முழுக்க செய்முறை நோட்டு, வினாத்தாள். அப்புறம் "சாப்பிட்டியா". அப்புறம் "இன்னிக்கு ஏன் டல்லா இருந்த". நாலு நாள் முன்னால் "இதெல்லாம் வீட்ல சொல்லணும்னு இல்ல". ஆபாசமான சொல் ஒன்றுகூட இல்லை. அதனாலேயே இதை யாரிடம் போய் என்னவென்று சொல்வது என்று எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் பள்ளியில் காட்டினேன். "சார் பிள்ளைங்களோட ஃப்ரெண்ட்லியா பழகுவாரு, தப்பா எதுவும் எழுதலயேம்மா" என்றார்கள். போனை மகளிடம் கொடுக்காதீர்கள் என்று எனக்கே அறிவுரையும் கிடைத்தது.

அந்த ஆசிரியர் மீதான புகாரைப் பெயரோடு தனி உறையில் கொடுத்திருக்கிறேன். அதைத் தாங்கள் விசாரித்துக்கொள்ளலாம். இந்த மனு அவரைப் பற்றியது அல்ல. "தப்பா எதுவும் எழுதலயே" என்ற அந்தப் பதிலைப் பற்றியது.

சட்டம் இல்லாமல் இல்லை. பாலியல் நோக்கத்தோடு ஒரு குழந்தையை மின்னணு வழியில் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வதை 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பிரிவு 11-இல் குற்றம் என்கிறது. குற்றம் நடக்கக்கூடும் என்ற ஐயம் எழுந்தாலே தெரிவிக்க வேண்டும் என்கிறது பிரிவு 19. தனக்குக் கீழ் பணிபுரிபவர் செய்த குற்றத்தைத் தெரிவிக்காத நிறுவனத் தலைமைக்கு ஓராண்டு வரை சிறை என்கிறது பிரிவு 21. ஆனால் இவையெல்லாம் குற்றம் என்ற இடத்துக்குப் பக்கத்தில் வந்த பிறகு பேசும் சட்டங்கள். நோக்கம் என்ன என்பதை ஒரு தாய் இரவு 10:50-க்கு எப்படி நிரூபிப்பாள்? இரவில் மாணவிக்குத் தனியாகச் செய்தி அனுப்பக் கூடாது என்று ஒரு வரி எழுதியிருந்தால் நோக்கத்தைத் தேட வேண்டிய அவசியமே இல்லை. நேரத்தைப் பார்த்தால் போதும்.

பாடப்புத்தகத்தில் 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறதே, ஏன் சொல்லவில்லை என்று மகளிடம் கேட்டேன். "அதுக்கு போன் பண்ணி என்னம்மா சொல்றது? சார் சாப்பிட்டியான்னு கேட்டார்னா?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ப்ராக்டிகல் மார்க் வேற இருக்கு" என்றாள். அறிவியலில் 100-க்கு 25 செய்முறைக்கு. அந்த 25-இல் யார் கை இருக்கிறது என்பது பிள்ளைகளுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே பள்ளியில் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஒரு மாணவி மயங்கி விழுந்தாள். நான்கடி தூரத்தில் நின்ற உடற்கல்வி ஆசிரியர் கையை நீட்டிவிட்டுப் பின்னால் இழுத்துக்கொண்டார். ஆசிரியை ஒருவர் மாடியிலிருந்து ஓடிவரும் வரை அந்தப் பிள்ளை மண்ணில் கிடந்தாள். "நாளைக்கு யாராவது ஏதாவது சொல்லிட்டா என்ன பண்றதும்மா" என்று பிறகு என்னிடம் வருத்தப்பட்டார். நல்ல மனிதர். எது சரி, எது கூடாது என்று எழுதி வைக்காததால் அவருக்குப் பயம், மற்றவருக்குத் துணிச்சல்.

எனவே கேட்பது இதுதான். பாடம் தொடர்பான செய்திகள் பெற்றோரும் இருக்கும் வகுப்புக் குழுவில் மட்டும், இரவு 8 மணிக்குள் வரட்டும். மாணவருக்குத் தனிச் செய்தி, தனி அழைப்பு, சமூக வலைத்தள நட்பு வேண்டாம். சிறப்பு வகுப்பு என்றால் ஒரு பிள்ளையை மட்டும் வைத்து எடுக்கக் கூடாது, கதவு திறந்திருக்க வேண்டும். ஆசிரியர் தனி டியூஷன் எடுக்கக் கூடாது என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பிரிவு 28 சொல்கிறது; அது எந்த அளவு நடக்கிறது என்பது தங்களுக்கே தெரியும். பைக்கில் ஏற்றிக்கொண்டு போவது, தனியாகப் பரிசு கொடுப்பது, செல்ஃபி எடுப்பது எல்லாம் விதியில் பெயர் சொல்லி வர வேண்டும். மயக்கம், அடிபடுதல் போன்ற நேரத்தில் தயங்காமல் தூக்கலாம், உடனே இன்னொரு பெரியவரையும் பெற்றோரையும் கூப்பிட வேண்டும் என்பதும் அதே தாளில் இருக்கட்டும்.

இது ஆசிரியருக்கு மட்டுமல்ல. அலுவலகப் பணியாளர், ஆய்வக உதவியாளர், வேன் ஓட்டுநர், மாலையில் வந்துபோகும் பயிற்சியாளர் என எல்லோருக்கும் பொருந்த வேண்டும். பையன்களை மறந்துவிடக் கூடாது. அவர்கள் விஷயத்தில் யாரும் கேட்பதுகூட இல்லை. நிரந்தரம், ஒப்பந்தம் என்று பார்க்காமல் எல்லாப் பணியாளரின் பின்னணியையும் சரிபார்க்கச் சொல்லும் 2020-ஆம் ஆண்டின் போக்சோ விதிகள், குழந்தைப் பாதுகாப்புக் கொள்கையைப் பள்ளிகள் நடைமுறைப்படுத்தவும் சொல்கின்றன. ஆக, நான் புதிதாக எதையும் கேட்கவில்லை.

விதி மீறப்பட்டால், முதல் முறையிலேயே பதிவேட்டில் எழுதி எச்சரிக்க வேண்டும். புகார் சொன்ன பிள்ளையை வேறு பிரிவுக்கு மாற்றுவது, போனைப் பிடுங்குவது கூடாது. அவளுடைய செய்முறை மதிப்பெண்ணை வேறொரு ஆசிரியர் போட வேண்டும்.

ஜூனில் பள்ளி திறக்கும் முன் இதைச் சுற்றறிக்கையாக அனுப்பி, ஒவ்வொரு பணியாளரிடமும் கையொப்பம் பெற்று, நகலைப் பெற்றோருக்கும் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். செய்திகளின் அச்சுப் பிரதி, மகளின் பெயர் மறைத்து, இத்துடன் இருக்கிறது. நேரில் அழைத்தால் வருகிறேன். மகளை அழைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)