முதலாம் ஆண்டிலேயே சொல்ல வேண்டியவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நம் மாநிலத்துக் கலை அறிவியல் கல்லூரிகளில் வேலைவாய்ப்பு பற்றிய பேச்சு பெரும்பாலும் மூன்றாம் ஆண்டில்தான் தொடங்குகிறது. அரசு கலைக் கல்லூரியில் நெடுங்காலம் இயற்பியல் கற்பித்தவன் என்ற முறையில், அது மிகவும் காலந்தாழ்ந்த தொடக்கம் என்பதையும், அதனால் இழப்புக்கு ஆளாகிறவர்கள் பெரும்பாலும் முதல் தலைமுறைப் பட்டதாரிகளே என்பதையும் தங்கள் இதழ் வழியாகக் கல்லூரி முதல்வர்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

அகில இந்திய உயர்கல்வி ஆய்வின் 2021–22ஆம் ஆண்டு அறிக்கைப்படி, உயர்கல்விச் சேர்க்கை விகிதத்தில் தேசிய சராசரி 28.4 சதவீதமாக இருக்க, தமிழ்நாடு 47 சதவீதத்தை எட்டியிருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்குக் ‘கல்லூரிக் கனவு’ நிகழ்ச்சிகள், அரசுப் பள்ளியில் பயின்ற மாணவியருக்கும் மாணவர்களுக்கும் மாதம் 1,000 ரூபாய் வழங்கும் ‘புதுமைப் பெண்’, ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டங்கள் என்று கல்லூரி வாசல் வரை கொண்டுவந்து சேர்க்கும் ஏற்பாடுகள் நம்மிடம் சிறப்பாகவே உள்ளன. 2022 மார்ச் மாதம் தொடங்கப்பட்ட ‘நான் முதல்வன்’ திட்டம் கல்லூரிக்குள்ளும் திறன் பயிற்சிகளை அளித்துவருகிறது. ஆனால் சேர்ந்த பாடத்தை வைத்துக்கொண்டு எங்கெல்லாம் போக முடியும், அதற்கு எந்தப் பருவத்தில் என்ன செய்திருக்க வேண்டும் என்பதை முதல் பருவத்து மாணவரிடம் அவருடைய துறையே உட்கார்ந்து சொல்லும் வழக்கம் பெரும்பாலான கல்லூரிகளில் இல்லை.

இதன் விளைவை என் துறையிலேயே பார்த்திருக்கிறேன். இளம் அறிவியல் முடித்து ஐ.ஐ.டி.களில் முதுநிலை இயற்பியல் சேர ‘ஜாம்’ என்னும் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஒருங்கிணைந்த முனைவர் படிப்புக்கும் அதுவே ஒரு வழி. தேர்வு பிப்ரவரியில் நடக்கிறது; விண்ணப்பமோ முந்தைய செப்டம்பர், அக்டோபர் மாதங்களிலேயே முடிந்துவிடுகிறது. மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர் டிசம்பர் மாதத்தில், ஆசிரியர் அறை வாசலில் மதிப்பெண் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, “ஐயா, ஜாம் எழுத இப்போது விண்ணப்பிக்கலாமா?” என்று கேட்டதை என்னால் மறக்க முடியவில்லை. நல்ல மாணவர். கடைசித் தேதியைத் தவறவிட்டதைக்கூட அடுத்த ஆண்டு சரிசெய்துகொள்ளலாம். அதைவிடப் பெரிய தடை அவர் கையிலிருந்த பட்டியலிலேயே இருந்தது. அத்தேர்வின் பாடத்திட்டத்தில் கணித முறைகளும் இயந்திரவியலும் கணிசமாக இடம்பெறுகின்றன. இவற்றுக்கான அடித்தளம் முதலாம் ஆண்டில், அதிலும் துணைப்பாடமான கணிதத்தில் அமைகிறது. மாணவர்களோ ‘அலைடுதானே’ என்று அதைத் தேர்ச்சி பெற்றால் போதுமென்று கடந்துவிடுகிறார்கள். அந்தத் தாள் எங்கே போய் உதவும் என்று அவர்களிடம் யாரும் சொன்னதில்லை.

அரியர் விஷயமும் அப்படித்தான். வளாகத் தேர்வுக்கு வரும் நிறுவனங்கள் பல, பத்தாம் வகுப்பு முதல் பட்டம் வரை 60 சதவீதமும், நிலுவைத் தாள் இல்லாமையும் கேட்கின்றன. தமிழ் வழியில் பள்ளிப் படிப்பை முடித்து, கல்லூரியில் திடீரென்று ஆங்கில வழிப் பாடத்தைச் சந்திக்கிற மாணவருக்கு முதல் பருவத்தில் மதிப்பெண் சரிவது இயல்பு. அந்தச் சரிவு மூன்றாண்டு சராசரியை எவ்வளவு இழுக்கும் என்பது தெரிந்திருந்தால், இரண்டாம் பருவத்திலேயே அதை ஈடுகட்டும் முயற்சியில் அவர் இறங்கியிருப்பார்.

முதலாம் ஆண்டைத் தவறவிட்டால் அநேகமாகத் திரும்பக் கிடைக்காத வாய்ப்புகளும் உண்டு. தேசிய மாணவர் படையின் (என்.சி.சி.) ‘சி’ சான்றிதழ் அவற்றில் ஒன்று. அது கல்லூரியில் மூன்றாம் ஆண்டுப் பயிற்சியோடு கிடைப்பது என்பதால் முதலாம் ஆண்டிலேயே சேர்ந்தாக வேண்டும். குறைந்தது ‘பி’ தரத்தோடு அச்சான்றிதழும் பட்டப்படிப்பில் 50 சதவீத மதிப்பெண்ணும் வைத்திருப்பவர், 19 முதல் 25 வயதுக்குள், படை அதிகாரிகளுக்கான சி.டி.எஸ். எழுத்துத் தேர்வு இல்லாமலேயே, தரைப்படை அதிகாரிப் பணிக்காகத் தேர்வு வாரியம் நடத்தும் எஸ்.எஸ்.பி. நேர்காணலுக்கு விண்ணப்பிக்கலாம். பெண்களுக்கும் இந்த வழி திறந்திருக்கிறது. சீருடையும் முகாமும் மட்டுமே என்.சி.சி. என்று எண்ணி விலகிப்போன மாணவிகளை நினைக்கும்போது வருத்தமாக இருக்கிறது.

வணிகவியல் மாணவர்கள், பட்டயக் கணக்காளர் (சி.ஏ.) படிப்பின் முதல் நிலையான ஃபவுண்டேஷன் தேர்வுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த உடனேயே பதிவுசெய்ய முடியும். 2024 முதல் அது ஆண்டுக்கு மூன்று முறை நடத்தப்படுகிறது. பட்டத்தில் 55 சதவீதம் பெற்ற வணிகவியல் பட்டதாரி ஃபவுண்டேஷன் எழுதாமல் நேரடியாக அடுத்த நிலையான இன்டர்மீடியட்டுக்கே போகலாம். இவ்விரண்டில் எது தனக்கு ஏற்றது என்பதை ஒரு மாணவர் பி.காம். முதலாம் ஆண்டில் யோசிப்பதற்கும், பட்டம் வாங்கிய பிறகு யோசிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை விளக்கத் தேவையில்லை.

எதுவும் சொல்லப்படாத இடத்தை நிரப்புவது போட்டித் தேர்வு ஒன்றுதான். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்புத் தகுதியே போதும் என்பதால், முதலாம் ஆண்டிலேயே பயிற்சி மையத்தில் சேர்ந்து துறைப் பாடத்தைக் கைவிடும் பிள்ளைகள் ஏராளம். அரசுப் பணியை விரும்புவதில் தவறில்லை. அது பல குடும்பங்களை நிமிர்த்தியிருக்கிறது. ஆனால் 2024ஆம் ஆண்டு அத்தேர்வுக்கு முதலில் 6,244 இடங்கள் அறிவிக்கப்பட்டபோது 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். இந்த எண்களைக் காட்டி, பட்டத்தை நன்றாக முடிப்பது குரூப் 2, வங்கித் தேர்வு, மத்திய அரசுப் பணிகளுக்கான சி.ஜி.எல். என்னும் பட்டதாரித் தேர்வு ஆகியவற்றுக்கும் தகுதியளிக்கும் என்று எடுத்துச் சொல்ல ஒரு பெரியவர் வேண்டும். படித்தவர் இல்லாத வீட்டில் அந்தப் பெரியவர் ஆசிரியராகத்தான் இருக்க முடியும்.

பதினேழு, பதினெட்டு வயதில் ஒரு வேலையைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும் என்று பிள்ளைகளை நெருக்குவதை நான் ஏற்கவில்லை. முதலாம் ஆண்டு, புதிய ஊரையும் விடுதியையும் மொழியையும் பழகிக்கொள்வதற்கும் ஆகும் காலம். மனம் மாறுவதற்கும் அந்த வயதில் உரிமை உண்டு. தேதியும் தகுதியும் தெரியாத காரணத்தால் மட்டும் ஒரு வழி அடைபட்டுவிடக் கூடாது என்பதே என் கவலை.

இதற்குப் புதிய திட்டமோ நிதியோ தேவையில்லை. ஒவ்வொரு துறையும் தன் பாடத்துக்கு மட்டுமான இரண்டு பக்கத் தாள் ஒன்றைத் தமிழில் தயாரித்து, வகுப்பு தொடங்கிய முதல் மாதத்திலேயே தரலாம். மேற்படிப்புகள், நுழைவுத் தேர்வுகள், விண்ணப்ப மாதங்கள், வயது வரம்பு, குறைந்தபட்ச மதிப்பெண் ஆகியவை அதில் இருந்தால் போதும். தம் பட்டம் ஆசிரியர் தேர்வுக்கு வேறொரு பட்டத்துக்கு இணையாகக் கொள்ளப்படுமா என்ற தகவலும் அதில் கட்டாயம் வேண்டும். இரு பட்டங்களும் இணையானவை என்று சொல்லும் அரசாணை இல்லாமல் பணி வாய்ப்பை இழந்தவர்கள் இருக்கிறார்கள். அறிவியல் அகாதெமிகள் நடத்தும் கோடைக்கால ஆய்வுப் பயிற்சி போன்றவற்றுக்கு மாணவரை அறிந்த ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம் கேட்கப்படுவதால், வகுப்பு ஆசிரியர் ஒவ்வொரு மாணவரிடமும் பருவத்துக்கு ஒரு முறையாவது தனியே பேசுவது அவசியம்.

ஏற்கெனவே பணிச்சுமையில் இருக்கும் ஆசிரியர்கள், குறிப்பாக நிலையற்ற பணியில் உழலும் கௌரவ விரிவுரையாளர்கள், இதையும் எப்படிச் சுமப்பார்கள் என்ற கேள்வி நியாயமானது. கூடுதல் வேலையாக இதைச் சேர்க்காமல், முதல் பருவத்தில் பாடத்திட்டத்தின் பகுதி நான்கின் கீழ் அடித்தளப் பாடத்துக்கு ஒதுக்கப்படும் நேரத்தில் ஒரு பங்கை இதற்குக் கொடுக்கலாம். அரசுக் கல்லூரிகளில் இரண்டு சுழற்சிகளாக வகுப்பு நடப்பதால், பாதி நாள் வகுப்பு முடிந்து வேலைக்கு ஓடும் மாணவர்கள் பலர். வகுப்பு நேரத்துக்கு வெளியே வைக்கப்படும் எந்த நிகழ்ச்சியும் அவர்களைச் சென்றடையாது.

சேர்க்கை முடிந்து வகுப்புகள் தொடங்குவதற்குள் முதல்வர்கள் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் இந்த ஆண்டே தொடங்கிவிடலாம். எங்கள் மாவட்டக் கல்லூரிகள் விரும்பினால், இயற்பியல் துறைக்கான தாளைத் தயாரித்துத் தரவும், முதல் பருவ மாணவர்களிடம் நேரில் வந்து பேசவும் ஊதியமின்றி ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர்,
தஞ்சாவூர்.