பொம்மைக் காசை வெட்டாதீர்கள்: சனசமூக நிலையங்களுக்கு ஒரு திறந்த மடல்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் பழைய திரைப்படங்களைத் திரையிட்டுவரும் சனசமூக நிலையங்களின் நிர்வாக சபையினருக்கு,

வணக்கம்.

கடந்த மாசி மாதத்தில் மண்டபம் ஒன்றில் முதியோருக்கென்று ‘பாசமலர்’ திரையிடப்பட்டபோது, எழுபது வயதை நெருங்கும் என் சின்னம்மாவை முச்சக்கரவண்டியில் அழைத்துச் சென்றிருந்தேன். படம் தொடங்கிச் சிறிது நேரந்தான் ஆகியிருக்கும். ஆலையில் கூலிக்கு நின்ற ராஜசேகரன் அடுத்த காட்சியிலேயே முதலாளியாகி நின்றார். சின்னம்மா என் கையைச் சுரண்டி, “பொம்மை செய்த காசு எங்கை பிள்ளை? அது இல்லாமல் இவருக்கு எங்காலை ஆலை?” என்று கேட்டார். பின்வரிசையில் யாரோ “உஸ்” என்றார்கள்.

ஏறக்குறைய மூன்று மணித்தியாலம் ஓடும் படத்தை இரண்டு மணித்தியாலத்துக்குள் அடக்கியிருந்தார்கள் என்பது பிறகு தெரிந்தது. முதியவர்கள் நெடுநேரம் இருக்கமாட்டார்கள் என்பது ஏற்பாட்டாளர்கள் சொன்ன காரணம். அது அக்கறையோடு சொல்லப்பட்ட காரணம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் எதை வெட்டலாம், எதை விடலாம் என்று முடிவு செய்தவர், அழவைக்கும் காட்சிகளையெல்லாம் வைத்துக்கொண்டு, அந்த அழுகைக்குக் காரணமான காட்சிகளைக் கழித்துவிட்டார் என்பதே என் முறைப்பாடு.

1961 மே 27 இல் வெளியான இப்படத்தை ஏ. பீம்சிங் இயக்கினார், சிவாஜி கணேசனும் சாவித்திரியும் அண்ணன் தங்கையாக நடித்தார்கள். பெற்றோரை இழந்த இருவரில் அண்ணன் ராஜசேகரன் வேலை செய்த ஆலை மூடப்பட்டு, அவன் கையறுந்து நிற்கும் வேளையில், ஓய்வு நேரங்களில் வீட்டிலிருந்து பொம்மைகள் செய்து தான் சேர்த்து வைத்திருந்த ஆயிரம் ரூபாயைத் தங்கை ராதா எடுத்துக் கொடுத்து, சொந்தமாகத் தொழில் தொடங்கும்படி சொல்கிறாள். பின்னால் வருகின்ற ஆலையும் வீடும் வசதியும் அந்தக் காசிலிருந்து முளைத்தவை. அக்காட்சியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது, கொடுத்துக் கொடுத்தே தேய்ந்த அண்ணனும், வாங்கி வாங்கி அழுத தங்கையும்தான். அப்படியொரு படத்தைப் பீம்சிங் எடுக்கவில்லை.

எங்களூரில் இந்த வெட்டு சாதாரண வெட்டு அல்ல. ஒல்லாந்தர் 1707 இல் தொகுத்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமையில், ஆண்பிள்ளைகள் மணமாகும்வரை உழைப்பது குடும்பத்தின் பொதுத் தேட்டத்தில் சேரவேண்டும் என்று இருக்கிறது. தங்கச்சிமாருக்குச் சீதனம் தேடிக் கொடுத்துவிட்டுத் தலை நரைத்தபின் கலியாணம் கட்டிய அண்ணன்மாரை ஒவ்வொரு ஒழுங்கையிலும் காட்டலாம். அவர்களுடைய தியாகம் பொய்யல்ல. ஆயினும் அந்தக் கதையை நாங்கள் எப்போதும் ஒரு பக்கத்திலிருந்தே சொல்லிப் பழகிவிட்டோம்.

என் மூத்த மாமா 1980 இல் கிழக்கு பேர்லின் வழியாக ஜேர்மனிக்குப் போனவர். சின்னம்மாவின் வீட்டையும் வளவையும் சீதனமாக எழுதிக் கொடுத்தவர் அவர்தான். கலியாண வீடுகளில் இன்றும் அதைச் சொல்லுவார்கள். மாமாவின் பயணத்துக்குக் கட்டிய முதற்காசு, சின்னம்மா சிங்கர் மெசினில் ஊராருக்குச் சட்டை தைத்துச் சேர்த்தது என்பதை யாரும் சொல்வதில்லை. காசைப் பால்மா ரின்னுக்குள் வைத்து, ரின்னை அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்திருந்ததாக எனக்குச் சொன்னது அம்மா. சின்னம்மா தன் வாயால் ஒருநாளும் சொன்னதில்லை. அவர் அந்த மண்டபத்தில் பொம்மைக் காசைத் தேடியதன் பொருள், வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் எனக்கு உறைத்தது.

படத்தில் குறையே இல்லை என்று நான் வாதிடவில்லை. வசதி வந்ததும் ராதாவின் கைத்தொழில் கதையிலிருந்து காணாமற்போகிறது. ராஜசேகரனின் மனைவியாக எம். என். ராஜம் நடித்த மாலதி ஒரு வைத்தியர். அந்தப் படிப்பைக் கதை சரியாகப் பயன்படுத்திக்கொண்டதாக எனக்குத் தோன்றவில்லை. குடும்பம் பிளவுபட்டதற்கான பழி பெரும்பாலும் ராதாவின் கணவன் ஆனந்தனின் அத்தை தலையில் விழுகிறது. ஒரு பொல்லாத கிழவி இருந்தால் மற்ற எல்லோரும் நல்லவர்களாகிவிடலாம் என்பது அக்காலக் கதாசிரியர்களின் வசதி. மணமானபின் ஆனந்தன் மனைவியின் அண்ணன் வீட்டிலேயே வந்து இருப்பதுதான் சிக்கல்களுக்கெல்லாம் தொடக்கம். பெண்வீட்டில் மாப்பிள்ளை போய் இருப்பதே வழக்கமான எங்கள் ஊரில் அதைப் பார்ப்பவர்களுக்கு வேறு விதமாகத் தோன்றக்கூடும். இவையெல்லாம் படம் முடிந்தபின் பேசவேண்டியவை. பேசுவதற்கு முழுப்படமும் கண்முன் ஓடியிருக்க வேண்டும். ஆனந்தன் தொழிலாளர் உரிமைக்காக முன்னிற்பதும், நேற்றுவரை தொழிலாளியாக இருந்தவன் இன்று முதலாளியாக அவனை எதிர்ப்பதும்கூட அன்றைய பிரதியில் ஏறத்தாழ இல்லாமலே போயிருந்தன.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஏறக்குறைய நாலுக்கு மூன்று அளவிலான சட்டத்தில் எடுக்கப்பட்ட கறுப்பு வெள்ளைப் படத்தை அகலத்திரைக்கு இழுத்துப் போட்டதால் சாவித்திரியின் முகம் பக்கவாட்டில் வீங்கிக் கிடந்தது. இருபுறமும் கறுப்பு விளிம்பு விட்டால் குடி முழுகிப்போகாது. புரொஜெக்டரில் ஓர் அமைப்பை மாற்றினால் போதும். தொண்ணூறுகளில் மின்சாரமே இல்லாத நாட்களில், வாடகைக்கு எடுத்த ஜெனரேட்டரையும் வீடியோ டெக்கையும் முற்றத்தில் வைத்து விடியவிடியப் படம் பார்த்தவர்கள் நாங்கள்; அந்தச் சின்னத் தொலைக்காட்சிப் பெட்டியில்கூட முகங்கள் முகங்களாகவே இருந்தன.

ஆகவே நான் கேட்பது பெரிய காரியம் அல்ல. முழுப்படத்தையும் போடுங்கள், பாட்டுகளைத் தொடவேண்டாம். விசுவநாதன் ராமமூர்த்தி இசையில் கண்ணதாசன் எழுதிய ‘மலர்ந்தும் மலராத’ பாட்டு, பிரிந்துபோன இருவரும் தத்தம் பிள்ளைகளை வைத்துக்கொண்டு பாடுவது. அது கதையின் நடுமுதுகு. முதியவர்களுக்குக் களைப்பாக இருக்கும் என்றால் இடைவேளையை அரை மணித்தியாலமாக்கி, தேத்தண்ணியும் வடையும் கொடுத்து, கழிப்பறைக்குப் போகும் பாதையில் ஒரு விளக்கையும் போட்டு விடுங்கள். பிற்பகல் இரண்டு மணிக்குத் தொடங்கினால் இருட்டுமுன் எல்லோரும் வீடு சேரலாம். பிரமுகர் உரைகளைப் படம் முடிந்தபின் வைத்துக்கொள்ளுங்கள்; கேட்க விரும்புகிறவர்கள் இருப்பார்கள்.

அடுத்த திரையிடல் எப்போது என்று சின்னம்மா இரண்டு முறை கேட்டுவிட்டார். பொம்மைக் காசு இருக்கும் பிரதியா என்பதை முதலில் விசாரித்துச் சொல்லும்படியும் சொல்லியிருக்கிறார். அதற்கான பதிலை உங்களிடமிருந்து எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பார்வையாளர்